டி.ஓ.சி. (தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்) சந்தேகம்: சாம்ஸ்கி ஏணியில் கீழ்ப்படியில் இருக்கிற மொழி எல்லாம் சுலபமானதா?

#1 · பொன்னி_21

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். இன்டெர்னல் தேர்வில் ஒரு கேள்வியில் பாதி மார்க் போய்விட்டது. ஏன் போனது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதலில் சில அ, அடுத்து அதே எண்ணிக்கையில் இ, கடைசியில் அதே எண்ணிக்கையில் உ. அதாவது அஇஉ, அஅஇஇஉஉ, அஅஅஇஇஇஉஉஉ என்று போகிற மொழி. இது சாம்ஸ்கி ஏணியில் (மொழிகளை இலக்கண விதியின் வடிவத்தை வைத்து, கீழிருந்து மேலாக ரெகுலர், கான்டெக்ஸ்ட் ஃப்ரீ, கான்டெக்ஸ்ட் சென்சிடிவ், கட்டுப்பாடு இல்லாதவை என்று நான்கு படியாகப் பிரிப்பது) எந்தப் படி, இதை அடையாளம் காண எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி.

பம்பிங் லெம்மாவை (ஒரு மொழி குறிப்பிட்ட படியில் இல்லை என்று காட்ட உதவும் தேற்றம்) வைத்து இது கான்டெக்ஸ்ட் ஃப்ரீ இல்லை, கான்டெக்ஸ்ட் சென்சிடிவ் என்று காட்டினேன். அதற்கு டிக் விழுந்தது. அடுத்து, "கான்டெக்ஸ்ட் சென்சிடிவ் மொழிகளின் மெம்பர்ஷிப் பி-ஸ்பேஸ் கம்ப்ளீட், ஆகவே இதற்குத் தெரிந்த வழி எல்லாமே எக்ஸ்பொனென்ஷியல் நேரம் எடுக்கும்" என்று எழுதினேன். (மெம்பர்ஷிப் என்றால் ஒரு சொல் அந்த மொழியில் உண்டா என்ற கேள்வி. பி-ஸ்பேஸ் கம்ப்ளீட் என்றால் பாலினாமியல் அளவு, அதாவது நீளத்தின் வர்க்கம், கனம் போன்ற அளவு நினைவிடத்தில் தீர்க்கக்கூடிய கேள்விகளிலேயே மிகக் கடினமானது. எக்ஸ்பொனென்ஷியல் என்றால் நீளம் கூடக் கூட மடங்கு மடங்காகப் பெருகுவது.) அந்தப் பத்தியின் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு மட்டும். விளக்கம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்று கவுன்ட்டர் வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்த்தேன். 30 லட்சம் எழுத்தைக் கொடுத்தாலும் உடனே பதில் வருகிறது. ஆக நான் எழுதியது தப்புதான். எந்த இடத்தில் தப்பு? பாடத்திட்டத்தில் முதல் யூனிட்களில் ஆட்டோமேட்டாவும் கிராமரும் வருகின்றன, கடைசி யூனிட்டில் பி (வேகமாகத் தீர்க்கக்கூடிய கேள்விகள்), என்.பி. (விடை கையில் இருந்தால் வேகமாகச் சரிபார்க்கக்கூடிய கேள்விகள்) வருகிறது. நடுவில் பாலமே இல்லை. இரண்டுக்கும் உண்மையில் என்னதான் உறவு?

#2 · கடலூர் கார்த்தி

தங்கச்சி, ஒரு தெருவில் ஒரு கோடீஸ்வரர் இருக்கிறார் என்பதால் தெருவில் இருக்கிற எல்லாரும் கோடீஸ்வரர் ஆகிவிடுவார்களா? பி-ஸ்பேஸ் கம்ப்ளீட் என்று சொன்னால் அந்த வகுப்புக்குள் அவ்வளவு கடினமான மொழி ஒன்றாவது இருக்கிறது என்று பொருள். உங்கள் அ-இ-உ மொழி அதே தெருவில் குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறது. வகுப்பைப் பற்றிச் சொல்வதை ஒரு உறுப்பின் தலையில் ஏற்றியதுதான் தப்பு.

பாலம் பற்றிய கேள்வி பெரியது. முத்துவேல் சார் வந்தால் நன்றாக இருக்கும்.

#3 · முத்துவேல்

கார்த்தி சொன்னது சரி. பொன்னி, உன் கேள்வியை நான் வகுப்பெடுத்த காலத்தில் நிறையப் பேர் கேட்கவே இல்லை. இரண்டு ஏணியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே பாஸ் பண்ணிவிட்டுப் போனார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சாம்ஸ்கி 1956-லும் 1959-லும் அந்த நான்கு படிகளைப் போட்டபோது நேரம், நினைவிடம் என்ற கணக்கே அவர் கேள்வியில் இல்லை. ஒரு வாக்கியத்தை உண்டாக்கும் விதி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அவர் பார்த்தார். விதியின் வடிவத்தை வைத்துப் பிரித்த ஏணி அது. காம்ப்ளெக்சிட்டி என்பது வளத்தை வைத்துப் பிரிப்பது. ஹார்ட்மேனிஸும் ஸ்டேர்ன்ஸும் அதை ஒழுங்காக ஆரம்பித்தது 1965-ல். இரண்டும் சில இடங்களில் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன.

கீழ்ப்படி நன்றாகப் பொருந்தும். ரெகுலர் மொழி என்றால் உள்ளீடு எவ்வளவு நீண்டாலும் நினைவிடம் மாறாமல் இருக்கும் மொழி. இதில் ஒரு விசேஷம் உண்டு. நினைவிடத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் புது மொழிகள் வந்துவிடும் என்றுதானே தோன்றும்? வராது. உள்ளீட்டு நீளத்தின் லாக்-லாக் அளவை (லாகரிதத்தின் லாகரிதம்) எட்டாத எந்த நினைவிடமும் சூனியத்துக்குச் சமம். அதில் ரெகுலர் மொழிகள் மட்டுமே அடையாளம் காணப்படும். ஸ்டேர்ன்ஸ், ஹார்ட்மேனிஸ், லூயிஸ் மூவரும் அதே 1965-ல் காட்டினார்கள். மாறாத நினைவிடத்துக்கும் லாக்-லாக் நினைவிடத்துக்கும் நடுவில் வெறும் பொட்டல்.

இரண்டாம் படியான கான்டெக்ஸ்ட் ஃப்ரீயில் வேறு கதை. கோக், யங்கர், கசாமி மூவர் பெயரில் இருக்கும் அட்டவணை முறை உனக்குப் பாடத்திலேயே இருக்கும். நீளத்தின் மும்மடி நேரம், அதாவது நீளம் × நீளம் × நீளம். 1975-ல் வேலியன்ட் இதை மேட்ரிக்ஸ் பெருக்கலோடு முடிச்சுப் போட்டார். மேட்ரிக்ஸை எவ்வளவு வேகமாகப் பெருக்க முடியுமோ, ஏறக்குறைய அவ்வளவு வேகத்தில் அடையாளம் காணலாம். "வெறும் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க மேட்ரிக்ஸ் எதற்கு, நேர்வழி ஒன்று இருக்குமே" என்று நானும் இளம் வயதில் நம்பினேன். 2002-ல் லிலியன் லீ எதிர்த்திசையைக் காட்டினார்: மும்மடியை நன்றாக உடைக்கிற பார்சர் ஒன்று உன் கையில் இருந்தால், அதை வைத்தே பூலியன் மேட்ரிக்ஸ்களை மும்மடிக்குக் குறைவான நேரத்தில் பெருக்கிவிடலாம். ஆகவே எளிய, வேகமான பார்சர் இத்தனை வருஷம் சிக்காததற்கு நம்முடைய சோம்பல் காரணம் கிடையாது.

மூன்றாம் படிதான் உன் கேள்வியின் இடம். 1964-ல் குரோடா, கான்டெக்ஸ்ட் சென்சிடிவ் மொழிகள் என்பவை உள்ளீடு எழுதிய நாடாவின் அளவுக்குள்ளேயே வேலை செய்யும் நான்-டிடெர்மினிஸ்டிக் டூரிங் எந்திரம் (பல வழிகளில் சரியானதை ஊகித்துப் போகக்கூடிய கற்பனைக் கணினி) அடையாளம் காணும் மொழிகளேதான் என்று நிறுவினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு இலக்கண வகுப்பும் ஒரு நினைவிட வகுப்பும் இப்படி வரிக்கு வரி ஒத்துப்போவது அபூர்வம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த தேற்றங்களில் இது ஒன்று.

அதிலிருந்து இரண்டு கேள்விகள் கிளம்பின. ஒன்று, அந்த எந்திரத்துக்கு ஊகிக்கும் வசதி உண்மையிலேயே தேவையா? இரண்டு, ஒரு மொழி கான்டெக்ஸ்ட் சென்சிடிவ் என்றால் அதில் சேராத சொற்களின் தொகுதியும் கான்டெக்ஸ்ட் சென்சிடிவா? முதல் கேள்விக்கு இன்றுவரை விடை கிடையாது. 1970-ல் சாவிச், நினைவிடத்தை அதன் வர்க்க அளவுக்குக் கூட்டினால் ஊகம் வேண்டாம் என்று காட்டினார், அதற்குமேல் நகரவில்லை. இரண்டாவது 20 வருஷத்துக்கு மேல் கிடந்து, 1987-ல் இரண்டு பேரால் தனித்தனியாகத் தீர்ந்தது. ஒருவர் அமெரிக்காவில் நீல் இம்மர்மன். மற்றவர் பிராட்டிஸ்லாவாவில் ராபர்ட் செலெப்செனி, அப்போது உன்னைப் போல ஒரு மாணவர். விடை, ஆம். 1995-ல் இருவருக்கும் கோடெல் பரிசு கிடைத்தது.

#4 · பொன்னி_21

ரொம்ப நன்றி சார். குரோடா தேற்றம் எங்கள் நோட்ஸில் ஒரு வரியாக மட்டும் இருக்கிறது, இப்போதுதான் அதன் எடை தெரிகிறது. அந்த இரண்டாவது கேள்வியில் எனக்கு ஒரு தடுமாற்றம். ஊகிக்கும் எந்திரம் "ஆம்" என்பதற்குச் சாட்சி காட்டும். "இல்லை" என்பதற்கு எதைச் சாட்சியாகக் காட்டும்? எல்லா வழியும் அடைபட்டது என்று எப்படிக் காட்டுவது?

#5 · நங்கை

முத்துவேல் சாருக்கு முன்னால் நான் முயல்கிறேன், தப்பிருந்தால் சார் திருத்தட்டும்.

ஒரு கல்யாண மண்டபம். உள்ளே இருக்கிறவர் ஒவ்வொருவரும் இருக்கிறார் என்பதற்கு அடையாளம் காட்ட முடியும். முருகேசன் உள்ளே இல்லை என்பதை எனக்கு நிரூபிக்க வேண்டும். "தேடினேன், காணோம்" என்றால் நான் ஏற்க மாட்டேன், நீங்கள் சரியாகத் தேடாமல் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் சரியாக 237 பேர் என்று எனக்கு முன்பே உறுதியாகத் தெரிந்தால்? நீங்கள் 237 வெவ்வேறு ஆட்களை, பெயர் வரிசைப்படி ஒவ்வொருவராகக் காட்டுகிறீர்கள். யாரும் முருகேசன் இல்லை. முடிந்தது கதை, அவர் உள்ளே இல்லை. எண்ணிக்கையே சாட்சியாகிவிட்டது.

அந்த 237 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சூட்சுமம். எந்திரத்தின் ஆரம்ப நிலையிலிருந்து 0 அடியில் போய்ச் சேரக்கூடிய நிலை ஒன்றுதான். ந அடிக்குள் எத்தனை நிலை என்று தெரிந்தால், மேலே சொன்ன அதே முறையில் "இந்த நிலைக்கு ந+1 அடிக்குள் வர முடியாது" என்பதையும் நிரூபிக்கலாம். ஆக ந+1-க்கும் துல்லியமான எண்ணிக்கை கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் மனதில் வைக்க வேண்டியது ஓரிரண்டு எண்ணிக்கையும் கையில் இருக்கிற ஒரு நிலையும்தான். முன்னால் பார்த்த ஆட்களின் பட்டியலை வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அதனால் நினைவிடம் நாடாவின் அளவைத் தாண்டுவதில்லை.

முதல் முறை இதைப் படித்தபோது, இவ்வளவுதானா என்று இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு ஓட்டை தேடினேன். ஓட்டை இல்லை.

#6 · முத்துவேல்

திருத்த ஒன்றும் இல்லை அம்மா. பெயர் வரிசைப்படி காட்டச் சொன்னதைக் கவனித்தாயா பொன்னி? ஒரே ஆளை இரண்டு தடவை காட்டி ஏமாற்ற முடியாமல் இருக்கத்தான் அந்த வரிசை. தேர்வில் பலர் விடுகிற இடம் அது.

#7 · ராஜன்_சர்வர்

நான் தியரி ஆள் இல்லை, சர்வர் பக்கம் வேலை. ஆனால் ரெகுலர் மொழி என்றால் சுலபம் என்று நம்பி ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துவரிசை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரம்) இருந்தது. எழுத்துகள் ஒன்றோ பலவோ, பின்னால் ஒரு இடைவெளி இருக்கலாம் இல்லாமலும் போகலாம், இந்தத் தொகுதி ஒன்றோ பலவோ முறை, அதோடு வரி முடிய வேண்டும். இவ்வளவுதான். யாரோ ஒருவர் இடைவெளியே இல்லாமல் நீளமாக எழுதி கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி போட்டுவிட்டார். நான்கு சி.பி.யு.வும் நூறு சதவீதத்தில் நின்றுவிட்டன. லாக் ஃபைலில் ஒரு பிழைச்செய்தி கூட இல்லை. ஏதோ தாக்குதல் என்று நினைத்து ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருந்தோம். விடிகாலை 4 மணிக்குத்தான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது.

சுருக்கிப் பார்த்தால் அந்த ரெஜெக்ஸ் (அ+)+ என்பதுதான், பின்னால் வரி முடிவு. + என்றால் ஒன்றோ பலவோ முறை. இதற்கு அஅஅஅ! என்று கொடுங்கள். நான்கு அ-வை எப்படித் துண்டு போடலாம் என்று எந்திரம் ஒவ்வொன்றாக முயலும். நான்கும் ஒரே துண்டு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும் என்று மொத்தம் 8 வழி. ஒவ்வொரு வழியிலும் கடைசியில் ஆச்சரியக்குறியில் முட்டித் திரும்பும். ஒரு அ கூடினால் வழிகள் இரட்டிக்கும். 30 அ இருந்தால் 53,68,70,912 வழிகள். எல்லாம் முட்டித் திரும்ப வேண்டியவை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிஷம் விழுந்து கிடந்தது. ஒரு பதிவில் இருந்த சுமார் 20,000 இடைவெளிகளை நீக்கப் போன ரெஜெக்ஸ்தான் காரணம். அது நீளத்தின் வர்க்கக் கணக்கு, கிட்டத்தட்ட 20 கோடி ஒப்பீடு. 2019 ஜூலை 2-ஆம் தேதி கிளவுட்ஃப்ளேர் 27 நிமிஷம் தடுமாறியதும் ஒரு ஃபயர்வால் விதிக்குள் இருந்த .*.*=.* என்ற துண்டால்தான்.

என் கேள்வி: ரெகுலர் மொழிக்கு மாறாத நினைவிடமும் ஒரே ஓட்டமும் போதும் என்று முத்துவேல் சார் சொல்கிறார். பிறகு ஏன் எங்களுக்கு இந்த கதி?

#8 · முத்துவேல்

தம்பி, மொழியின் மேல் பழி போடாதே. (அ+)+ என்பதும் அ+ என்பதும் ஒரே மொழிதான், இரண்டு ஸ்டேட் (எந்திரம் இருக்கக்கூடிய நிலை) போதும். உங்கள் மென்பொருள் அதை ஒவ்வொரு வழியாகப் போய்த் திரும்பிப் பார்க்கும் முறையில் தேடியது. 1968-லேயே கென் தாம்ப்சன் வேறு முறையை எழுதிவிட்டார். ஒவ்வொரு எழுத்தைப் படிக்கும்போதும் எந்திரம் எந்தெந்த ஸ்டேட்டில் இருக்கக்கூடும் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொண்டு முன்னேறும். பின்வாங்குவதே இல்லை. நேரம் ரெஜெக்ஸின் நீளத்தையும் எழுத்துகளின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். கூகுளின் ஆர்.இ.2 நூலகமும் கோ என்ற புரோகிராமிங் மொழியும் அந்த வழியில் நடக்கின்றன.

பல புரோகிராமிங் மொழிகள் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், முன்னால் பிடித்த துண்டையே பின்னால் திரும்பக் கேட்கும் பேக்-ரெஃபரன்ஸ் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். அது சேர்ந்த கணமே அது ரெகுலர் இல்லை. பெயரில் மட்டும் ரெகுலர். அதைப் பொருத்திப் பார்ப்பது என்.பி. கம்ப்ளீட், அதாவது என்.பி. கேள்விகளிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. ஒரு சின்ன வசதி, படி தாண்டிப் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் இந்த மொழியில் உண்டா என்பது ஒரு கேள்வி. இந்த இரண்டு ரெஜெக்ஸும் ஒரே மொழியைக் குறிக்கின்றனவா என்பது வேறு கேள்வி. முதலாவது சுலபம். இரண்டாவது சாதாரண ரெஜெக்ஸுக்கே பி-ஸ்பேஸ் கம்ப்ளீட். "இந்தத் துண்டை இரண்டு முறை எழுது" என்ற ஒரு சுருக்கக் குறியை மட்டும் சேர்த்தால், எக்ஸ்பொனென்ஷியல் நினைவிடம் தவிர்க்கவே முடியாது என்று 1972-ல் மேயரும் ஸ்டாக்மேயரும் நிரூபித்தார்கள். பி-யும் என்.பி-யும் வேறா என்ற ஊகம் எதையும் நம்பாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் கடினம் என்று நிறுவப்பட்ட கேள்வி. "இதில் சேராதவை" என்ற குறியையும் சேர்த்தால் 2-ன் மேல் 2, அதன் மேல் 2 என்று எழும் கோபுரத்தை எந்த நிலையான உயரத்திலும் நிறுத்த முடியாது. இத்தனைக்கும் மொழிகள் எல்லாம் ரெகுலர்தான். சாம்ஸ்கி ஏணியின் அடிப்படியில் நின்றுகொண்டே வானத்தைத் தொடும் கேள்விகள் இவை.

#9 · பொன்னி_21

அப்படியானால் சார், மொழியை எப்படி எழுதிக் காட்டுகிறோம் என்பதையும் என்ன கேட்கிறோம் என்பதையும் நிலைநிறுத்திவிட்டால்? ஒரே ஒரு மொழியை எடுத்துக்கொள்கிறோம், மெம்பர்ஷிப் மட்டும்தான் கேள்வி. அப்போதாவது ரெகுலர் எப்போதும் கான்டெக்ஸ்ட் ஃப்ரீயைவிடச் சுலபம்தானே?

#10 · நங்கை

இல்லை பொன்னி. இதை எழுதத்தான் நான் இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன். என் ஆராய்ச்சி இதன் பக்கத்தில்தான்.

ஐந்து டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றின் அடியில் ஒரு புளியங்கொட்டை. ஒருவர் டம்ளர்களை இடம் மாற்றிக்கொண்டே போகிறார்: ஒன்றும் மூன்றும், இரண்டும் ஐந்தும், இப்படி. கட்டளைகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. கடைசியில் கொட்டை முதல் இடத்துக்கே திரும்பி வருமா? இது ரெகுலர் மொழி. ஸ்டேட் ஐந்தே ஐந்து, கொட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும்.

ஒருவர் வரிசையாகப் படித்தால் கஷ்டமே இல்லை. ஆனால் எல்லாக் கட்டளைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிற மின்சுற்று ஒன்றைக் கட்ட வேண்டும், உள்ளீடு எவ்வளவு நீண்டாலும் சுற்றின் அடுக்குகள் கூடக் கூடாது, அதில் இருக்கும் கேட்களின் (சின்ன லாஜிக் உறுப்புகள்) எண்ணிக்கையும் நீளத்தின் பாலினாமியல் அளவைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். பாதிக்கு மேல் உள்ளீடு ஒன்றா என்று பார்க்கும் பெரும்பான்மை கேட்களை அனுமதித்தால் அந்த வகுப்பின் பெயர் டி.சி.0. சாதாரண இரட்டை உள்ளீட்டு கேட்களை வைத்து, நீளத்தின் லாக் அளவுக்கு அடுக்குகளை அனுமதித்தால் என்.சி.1. டி.சி.0 முழுக்க என்.சி.1-க்குள் அடக்கம்.

அடைப்புக்குறிகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா என்ற மொழி கான்டெக்ஸ்ட் ஃப்ரீ, ரெகுலர் இல்லை. ஆனால் அது டி.சி.0-வில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அதுவரை எத்தனை திறந்தது, எத்தனை மூடியது என்று எண்ணினால் போதும். எண்ணுவதற்குத்தான் பெரும்பான்மை கேட் இருக்கிறதே. பொன்னியின் அ-இ-உ மொழியும் அங்கேதான், அதுவும் எண்ணிக்கைதான்.

புளியங்கொட்டை மொழி என்.சி.1 கம்ப்ளீட், அதாவது அந்த வகுப்பிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. 1986-ல் டேவிட் பேரிங்டன் நிறுவியதிலிருந்து இது வருகிறது. லாக் ஆழச் சுற்று எதைக் கணக்கிட்டாலும் அதை ஐந்து பொருள்களை இடம் மாற்றும் கட்டளைப் பட்டியலாக எழுதிவிடலாம் என்றார். அதற்கு முன்னால், மாறாத அகலத்தில், அதாவது நினைவில் வைக்கும் நிலைகளின் எண்ணிக்கை கூடாமல், பெரும்பான்மையைக் கூடக் கணக்கிட முடியாது என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள்.

ஆகவே டி.சி.0-வும் என்.சி.1-ம் வேறு வேறு என்றால், ரெகுலரான டம்ளர் மொழி, கான்டெக்ஸ்ட் சென்சிடிவான அ-இ-உ மொழியைவிடக் கடினம். சாம்ஸ்கி ஏணி தலைகீழ். அவை வேறு என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் பதிலில் எழுத வேண்டும், இல்லையென்றால் மறுபடி சிவப்பு மை.

ஊகமே வேண்டாம் என்றால் ஒரு படி இறங்குங்கள். பெரும்பான்மை கேட் இல்லாமல், அளவில்லாத உள்ளீடு கொண்ட சாதாரண கேட்கள் மட்டும், அடுக்கும் மாறாது, கேட்களின் எண்ணிக்கை நீளத்தின் பாலினாமியல் அளவுக்குள்: ஏ.சி.0. ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையா என்ற மொழிக்கு இரண்டே ஸ்டேட். அது ஏ.சி.0-வில் இல்லை என்பது 1980-களின் தொடக்கத்திலேயே நிரூபணம் ஆகிவிட்டது. ஃபர்ஸ்ட், சாக்ஸ், சிப்சர் ஒரு பக்கம், அய்தாய் இன்னொரு பக்கம்.

#11 · ராஜன்_சர்வர்

மேடம், இப்போது எல்லாரும் பேசுகிற டிரான்ஸ்ஃபார்மர் மாடல்கள் (சாட்பாட்களுக்கு அடியில் இருக்கிற நியூரல் நெட்வொர்க்) எல்லா எழுத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கின்றன, அடுக்கும் நிலையானதுதான். இதே கணக்கு அங்கேயும் பொருந்துமா?

#12 · நங்கை

பொருந்தும். எண்களின் துல்லியம் நீளத்தின் லாக் அளவு பிட் என்று எடுத்துக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மர் ஒரே ஓட்டத்தில் செய்யக்கூடியதெல்லாம் டி.சி.0-க்குள் அடங்கும் என்று மெரிலும் சபர்வாலும் 2023-ல் காட்டினார்கள். ஆகவே டி.சி.0-வும் என்.சி.1-ம் வேறு என்ற அதே ஊகத்தின்படி, எவ்வளவு நீளமான பட்டியலுக்கும் ஐந்து டம்ளர் விளையாட்டை அது ஒரே ஓட்டத்தில் சரியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் கொட்டை எங்கே என்று எழுதிக்கொண்டே போனால் இந்தத் தடை விலகும், ஏனென்றால் அப்போது அடுக்கு கூடுகிறது.

#13 · தாம்பரம் ஜான்சி

பேச்சு எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஃபார்மல் லாங்குவேஜ் என்றால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மட்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ராணி சிரோமணி அம்மா 1970-களின் தொடக்கத்திலேயே எழுத்துவரிசைக்குப் பதிலாகக் கட்டங்களை நிரப்பும் பட மொழிகளுக்கு இலக்கணம் அமைத்தார். 1974-ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் வாசலில் போடுகிற கோலத்துக்கே அர்ரே கிராமர், அதாவது கட்ட வரிசைகளுக்கான இலக்கணம், எழுதினார்கள். ஒரு புள்ளி வரிசையிலிருந்து அடுத்த பெரிய கோலம் எந்த விதியால் வளர்கிறது என்று அதில் இருக்கும். நான் அந்த வளாகத்தில் படித்தவள் என்பதால் அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கோலத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்களால்தான் அந்த விதிகளை அப்படிப் பிரித்திருக்க முடியும்.

இந்த இழைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஒற்றை வரிசையில், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும் முறை, எழுத்துகளுக்கு ரகசியமாக நிறம் பூசிக்கொள்ளவும் அனுமதித்தால், சரியாக ரெகுலர் மொழிகளைத் தரும். அதே முறையைக் கட்டத்துக்கு, மேல் கீழ் இடம் வலம் என்று கொண்டுபோனால் மெம்பர்ஷிப்பே என்.பி. கம்ப்ளீட் ஆகிவிடுகிறது. ஒரு பரிமாணம் கூடியதற்கு அவ்வளவு விலை.

#14 · கடலூர் கார்த்தி

ஜான்சி அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் ஊரில் மார்கழி பூரா கோலம்தான், அதற்கு இப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

நங்கை மேடம், ஒரு சந்தேகம். ஏன் ஐந்து டம்ளர்? நான்கு போதாதா?

#15 · நங்கை

போதாது. நான்கு டம்ளர் விளையாட்டு டி.சி.0-வில் அடங்கிவிடும். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது, நான்காம் படி வரை உண்டு என்று படித்திருப்பீர்களே, அதே காரணம்தான். பொன்னி, இதை நீயே முயன்று பாரேன். ஒரு குறிப்பு தருகிறேன்: நான்கு டம்ளரை இரண்டு ஜோடியாகப் பிரிக்க எத்தனை வழி இருக்கிறது?

#16 · பொன்னி_21

நேற்று ராத்திரி சமையலறையிலிருந்து நான்கு டம்ளரை எடுத்து வந்து தம்பியை மாற்றச் சொல்லி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. சரியா என்று பாருங்கள்.

ஜோடி பிரிக்க மூன்றே வழி. முதல் டம்ளருக்கு ஜோடி இரண்டாவது, அல்லது மூன்றாவது, அல்லது நான்காவது. மீதி இரண்டும் தானாக ஜோடி. ஆகவே நான்கு டம்ளரை எப்படி மாற்றினாலும் இந்த மூன்று பிரிவுகளும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

முதலில் ஒவ்வொரு இடத்திலும், அதுவரை நடந்த இடமாற்றங்களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று எண்ணுகிறேன். எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் எண்ணலாம். அது தெரிந்த பிறகு, மூன்று பிரிவுகளின் சுழற்சி எந்தத் திசை என்று ஒவ்வொரு கட்டளைக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால் அவை எங்கே நிற்கின்றன என்பது 3-ஆல் வகுத்த மீதிக் கணக்கு ஆகிறது. அதுவும் தெரிந்த பிறகு மிஞ்சுவது, ஜோடிகள் குலையாமல் டம்ளர்கள் மாறிக்கொள்ளும் நான்கு வகை மட்டும். அது இரண்டு ஒற்றை-இரட்டைக் கணக்கு. மொத்தம் மூன்று கட்டம், ஒவ்வொன்றும் எண்ணிக்கை, பட்டியல் எவ்வளவு நீண்டாலும் மூன்றே கட்டம்.

பிறகு ஐந்தாவது டம்ளரைக் கொண்டுவந்து வைத்தேன். ஒற்றை-இரட்டை மட்டும் எண்ண முடிந்தது. அதற்குப் பிறகு எதைப் பிரித்தாலும் 60 நிலையும் ஒரே கட்டியாக நிற்கிறது, எந்த இடத்திலும் பிளக்கவில்லை.

#17 · நங்கை

சரி பொன்னி. முழுக்கச் சரி. அந்த 60 பிளக்காது.

#18 · முத்துவேல்

இதை அப்படியே உன் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், குறுக்குக்கோடு போட்டவரிடம் காட்டு. மார்க்குக்காக வேண்டாம். டம்ளரையும் எடுத்துப் போ.

#19 · பொன்னி_21

திங்கட்கிழமை போகிறேன் சார். தம்பி தானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான், அவனுக்குத்தான் வேகமாக மாற்ற வருகிறது.